அப்பீல் என்ன, அருள் யாசகமா?

கொல்லிமலைப் பாதையில் ஒருமுறையேனும் பேருந்தில் சென்றவர்களுக்கு நாம் சொல்லப் போவது எளிதில் விளங்கும். காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால், சோளக்காட்டை எட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் கியரைக் குறைக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்க வேண்டும். எதிரே வண்டி வருகிறதா என்று ஒலி எழுப்பிப் பார்த்துத் திருப்ப வேண்டும். குண்டனி நாட்டிலிருந்தும் வாழவந்தி நாட்டிலிருந்தும் வளப்பூர் நாட்டிலிருந்தும் மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கும் உழவர், மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சி, படிக்கப் போகும் பிள்ளைகள் ஆகிய அத்தனை பேர் உயிரும் அந்த ஓட்டுநரின் கையிலே இருக்கிறது. அவர் காலடியில் உள்ள பிரேக்கிலே இருக்கிறது.

அந்தப் பிரேக் ஒருநாள் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பேருந்து பாறையிலே மோதுகிறது. பயணிகள் காயமடைகிறார்கள். மறுநாள் ஓட்டுநர் சஸ்பெண்ட் செய்யப்படுகிறார். "பாதுகாப்பு விதிகளை மீறி, கவனக்குறைவாக வண்டியை ஓட்டி, பயணிகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்தீர்" என்று சார்ஜ் மெமோ வருகிறது. விசாரணை என்ற பெயரால் ஒன்று நடக்கிறது. சில மாதங்களில் டிஸ்மிஸ் உத்தரவு வருகிறது. அவர் மேலதிகாரிக்கு அப்பீல் எழுதுகிறார். பக்கம் பக்கமாக எழுதுகிறார். வருகிற பதிலோ ஒரே வரி: "தங்கள் மேல்முறையீடு பரிசீலிக்கப்பட்டது, ஏற்பதற்கில்லை."

இன்ன டிப்போ, இன்ன ஆள் என்று நாம் யாரையும் குறிப்பிடவில்லை. உதாரணத்துக்காகவே சொன்னோம். ஆனால், மெமோவின் நடையும் அப்பீலுக்கு வரும் ஒரு வரிப் பதிலும் நமது தொழிற்சங்கத் தோழர்களுக்குப் புதியவையல்ல. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

பரிசீலிக்கப்பட்டது என்கிறார்களே, எது பரிசீலிக்கப்பட்டது? யார் சொன்ன சாட்சியம்? எந்தப் பதிவேடு? எந்தக் காரணத்தால் ஏற்பதற்கில்லை? ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கிற உத்தரவுக்கு ஒரு வரி போதுமா என்று கேட்கிறோம்.

போதாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே 1986ஆம் ஆண்டிலே சொல்லிவிட்டது. வேலையிழந்த ரயில்வேத் தொழிலாளி ஒருவரின் அப்பீலை ரயில்வே நிர்வாகம் காரணம் காட்டாமல் தள்ளிவிட்டது. அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அப்பீலைக் கேட்கும் அதிகாரி, தொழிலாளியை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். தம் முடிவுக்கான காரணங்களை எழுத வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு முன்பு, தண்டிப்பதற்கு முன்னால் "உனக்கு ஏன் இந்தத் தண்டனை தரக்கூடாது?" என்று அரசு ஊழியரை இன்னொரு முறை கேட்கும் கட்டாயம் இருந்தது. அந்த வாய்ப்பைத் திருத்தம் பறித்துவிட்ட பிறகு, அவர் வாய் திறந்து பேச மிஞ்சிய இடம் அப்பீல் ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டால் நியாயம் எங்கே நிற்கும்?

ரயில்வே ஊழியர்களுக்கான 1968ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் அப்பீல் அதிகாரிக்கு மூன்று கேள்விகளை வகுத்திருக்கின்றன. விசாரணை முறைப்படி நடந்ததா? கிடைத்த சாட்சியத்தால் குற்றம் நிலைநாட்டப்பட்டிருக்கிறதா? தண்டனை குற்றத்துக்குத் தக்கதா? இம்மூன்றும் ரயில்வேக்கு மட்டுமே உரியவை என்று நாம் கருதவில்லை. பேருந்துக் கழகமானாலும், சர்க்கரை ஆலையானாலும், மின் நிலையமானாலும் அப்பீலைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. நாம் நான்காவது கேள்வி ஒன்றும் வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு வருவோம்.

முதற் கேள்வி: விசாரணை முறைப்படி நடந்ததா?

வழக்குத் தொடுப்பவரே நீதிபதியாக உட்கார்ந்தால் தீர்ப்பு என்னவாகும் என்று சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. வங்காளத்தின் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில், சம்பவத்தில் சம்பந்தப்பட்ட மேலாளர்களே விசாரணையையும் நடத்தினார்கள். அது இயற்கை நீதிக்கு மாறானது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விபத்துக்கு முன்தினம் "வண்டி சரியாக இருக்கிறது, எடுத்துப் போ" என்று சொன்ன அதிகாரி, மறுவாரம் விசாரணை அதிகாரியாக வந்து அமர்ந்தால் அதுவும் அதே கதைதான்.

அசோசியேட்டட் சிமெண்ட் கம்பெனி வழக்கில் இன்னொன்று சொல்லப்பட்டது. முதலில் நிர்வாகம் தன் சாட்சிகளை நிறுத்த வேண்டும். தொழிலாளி அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதற்குப் பிறகே அவரது விளக்கத்தைக் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் தொழிலாளியைக் கூண்டிலேற்றி, "நீ என்ன செய்தாய், சொல்!" என்று மிரட்டிக் கேட்பது முறையாகாது. அறுபதாண்டு கடந்த தீர்ப்பு இது. நமது ஊர்களில் எத்தனை விசாரணைகள் இந்த முறையில் நடக்கின்றன என்பதைத் தோழர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

வயிற்றுப்பாட்டையும் மறப்பதற்கில்லை. சஸ்பெண்ட் ஆனவருக்கு முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியமும், அதற்குப் பிறகும் விசாரணை நீண்டு, தாமதம் அவரால் ஏற்பட்டதில்லையானால், முக்கால் பங்கு ஊதியமும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. இது வெறும் காசுப் பிரச்சினையன்று. கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்கத்தின் ஊழியர் ஒருவரை 1985இல் சஸ்பெண்ட் செய்து, பிழைப்பூதியம் தராமல், அவர் இல்லாமலே விசாரணையை முடித்து, 1986இல் வேலையை விட்டு நீக்கினார்கள். கேரளத்திலிருந்த வீட்டிலிருந்து கோலாருக்கு வர அவரிடம் பணமில்லை! 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த வேலை நீக்கத்தைத் தள்ளியது. பதின்மூன்றாண்டு! பட்டினி போட்டு நடத்திய விசாரணை, விசாரணையே ஆகாது என்பதற்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது.

இரண்டாவது கேள்வி: சாட்சியம் என்ன?

இங்கே நமது தோழர்களுக்கு இனிக்காத உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமது தமிழ்நாட்டின் சோழன் போக்குவரத்துக் கழக வழக்கு அது. உயிர்கள் பலியான விபத்தில் ஓட்டுநர் ஒருவர் நீக்கப்பட்டார். தொழில் தீர்ப்பாயம் நீக்கத்துக்கு ஒப்புதல் தர மறுத்தது. உயர் நீதிமன்றமும் தீர்ப்பாயத்தின் பக்கமே நின்றது. ஆனால், 2004 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றைப் புரட்டிவிட்டது. நிர்வாக விசாரணையில் குற்றவியல் வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்ற அளவுகோல் போதும். விபத்தின் தன்மையே பேசும்போது, ஓட்டுநர்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் எது? "நிர்வாகம் நிரூபிக்கட்டும், நாம் சும்மா இருப்போம்" என்று கைகட்டி நிற்கிற காலம் போய்விட்டது. மோதிய வண்டியே சாட்சி சொல்கிறது என்றால், அந்த வண்டி முழுச் சாட்சியும் சொல்லட்டும்! பிரேக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது? முந்தைய நாட்களில் ஓட்டுநர்கள் பழுதுப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள்? எழுதியதற்கு ஒர்க்ஷாப்பில் என்ன செய்தார்கள்? இந்தக் காகிதங்களை விசாரணையின் முதல் நாளே எழுத்து மூலம் கேட்க வேண்டும். தர மறுத்தால், மறுத்ததையும் எழுத்தில் பதிய வைக்க வேண்டும். அப்பீலுக்குப் பலம் அங்கேதான் பிறக்கிறது. விசாரணையில் கேட்காத காகிதத்தை அப்பீலில் தேடி அலைவது, மழை ஓய்ந்தபின் குடை தேடுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது கேள்வி: தண்டனை தக்கதா?

1958இல் இந்தியன் அயர்ன் அண்டு ஸ்டீல் கம்பெனி வழக்கில் வகுத்த எல்லைக்குள்தான் முன்பு தீர்ப்பாயங்கள் நின்றன. நிர்வாகத்துக்கு நல்லெண்ணம் இல்லை, பழிவாங்கியது, இயற்கை நீதியை மீறியது, ஆதாரமற்ற முடிவுக்கு வந்தது என்ற நான்கில் ஒன்றைக் காட்டினால் ஒழியத் தலையிட முடியாது. தண்டனை கொடிதா, தகுமா என்று எடை போடும் அதிகாரம் முதலாளியிடமே இருந்தது. தொழிலாளர் இயக்கம் ஓயாது கேட்டதன் பயனாக, 1971 டிசம்பர் 15 முதல் தொழில் தகராறு சட்டத்தில் 11-ஏ பிரிவு வந்தது. வேலை நீக்கம் நியாயமில்லையானால் அதை ரத்துச் செய்து, திரும்ப வேலை தரவோ, குறைந்த தண்டனை விதிக்கவோ நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கிடைத்தது. பழைய சட்டம் இன்று புதிய தொகுப்புக்குள் அடங்கிவிட்டாலும், அந்த அதிகாரம் தொகுப்பின் 50ஆவது பிரிவில் உயிரோடு இருக்கிறது.

1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி நிலையாணைகளும் இதையே சொன்னவைதாம். தண்டனை விதிக்குமுன் குற்றத்தின் கடுமை, தொழிலாளியின் முந்தைய பணிப் பதிவு, குற்றத்தைக் குறைத்தோ கூட்டியோ காட்டும் சூழ்நிலைகள் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்றன. இருபது ஆண்டு ஒரு கீறலும் படாமல் வண்டி ஓட்டியவருக்கும், மூன்று முறை எச்சரிக்கப்பட்டும் திருந்தாதவருக்கும் ஒரே தண்டனையா? ஊதிய உயர்வை நிறுத்தலாம்; சிலநாள் வேலையிலிருந்து விலக்கி வைக்கலாம்; மறு பயிற்சிக்கு அனுப்பலாம்; மலைப் பாதையிலிருந்து சமவெளிப் பாதைக்கு மாற்றலாம். இத்தனை படிகள் இருக்கும்போது, முதற்படியிலேயே பள்ளத்தில் தள்ளுவது ஏன்?

இனி, நமது நான்காவது கேள்வி: ஓட்டியவர் மட்டும்தானா?

1956 நவம்பர் 23 அன்று அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். எஞ்சின் ஓட்டுநர்மேல் மட்டும் பழியைப் போட்டு முடித்துவிடாமல், பொறுப்பு மேலேயும் ஏறும் என்று ஒருமுறையாவது நாடு கண்டது.

1984 டிசம்பரில் போபாலில் என்ன கண்டோம்? நச்சுவாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் எந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ஆட்குறைப்பும் நடந்திருந்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் மடிந்த பிறகு யூனியன் கார்பைடு சொன்னது என்ன? "ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரைப் பாய்ச்சிவிட்டான்!" குளிர்விப்பானை நிறுத்தச் சொன்ன கை யாருடையது என்ற கேள்விக்கு அங்கே பதிலில்லை.

இந்த மலைப் பாதைக்கும் அதே கேள்வி பொருந்தும். ஓட்டுநருக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாமல் அரைமணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அந்தச் சட்டம் புதிய தொகுப்பில் கலந்துவிட்டது. எட்டு மணி என்ற அளவு மாறவில்லை. சம்பவத்தன்று அந்த ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்? மாற்று ஆள் இல்லையென்று இரட்டை டூட்டி பார்த்தாரா? 70 வளைவுக்குக் கொடுத்த நேரம் போதுமா? தாமதமானால் மெமோ, வேகமாகப் போனால் டிஸ்மிஸ் என்றால் மனிதன் என்ன செய்வான்? பழுதென்று எழுதியவரை "வண்டி எடுக்க மாட்டேன் என்கிறாயா?" என்று மிரட்டியவர் யார்?

இவற்றைக் கேட்காத அப்பீல் விசாரணை அரைகுறை விசாரணையே. அதனால் நட்டம் ஓட்டுநருக்கு மட்டுமில்லை. டிஸ்மிஸ் உத்தரவோடு கோப்பு மூடப்படுகிறது. விபத்துக்கான காரணம் கண்டாகிவிட்டது என்று மேலிடம் நிம்மதியடைகிறது. அதே பிரேக், அதே நேர அட்டவணை, அதே இரட்டை டூட்டியோடு மறுநாள் காலை வேறொரு ஓட்டுநர் அதே மலையில் ஏறுகிறார். குண்டனி நாட்டு உழவர் அந்த வண்டியில்தானே உட்கார்ந்திருக்கிறார்? அப்பீலை ஒழுங்காக விசாரிப்பது ஓட்டுநருக்குக் காட்டும் சலுகை என்று எண்ணுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். பயணிக்குத்தான் அதனால் முதல் பயன்.

"அப்படியானால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனுக்கும் கொடி பிடிப்பீர்களா?" என்று கேட்பார்கள். மாட்டோம்! அறுபது உயிரை ஏற்றிக்கொண்டு, குடித்துவிட்டு மலையில் ஏறுகிறவன் தொழிலாளர் வர்க்கத்துக்கே துரோகி. அந்த வண்டியில் இருப்பவர்கள் மில் முதலாளிகளா? நம்மைப்போல உழைத்துச் சாப்பிடும் மக்களன்றோ? அப்படிப்பட்டவருக்கும் முறையான விசாரணை வேண்டும் என்போம். வேலை வேண்டும் என்று வாதாட மாட்டோம். சங்கத்தின் பெயர் யாருடைய குற்றத்தையும் மூடும் போர்வையாகக் கூடாது. எது நெஞ்சறிந்த குற்றம், எது கண நேரத் தவறு, எது மேலிடம் சுமத்திய பழி என்று பிரித்தறியும் துணிவு சங்கத்துக்கு வேண்டும். அந்தத் துணிவுள்ள சங்கம் அப்பீலில் பேசும்போதுதான் அதிகாரியும் காது கொடுப்பார். பொது மக்களும் நம்புவார்கள்.

இன்னொன்று. கழகத்து ஓட்டுநருக்காவது அப்பீல் என்று ஒன்று இருக்கிறது. கொல்லிமலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு இறங்கிப் போகிறதே, சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு. அங்கே இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் அப்பீலை யாரிடம் கொடுப்பார்? நாமக்கல் வட்டாரத்து லாரி ஓட்டுநர் யாரிடம் கொடுப்பார்? முதலாளியே அதிகாரி, முதலாளியே நீதிபதி! நிலையாணைகள் வேண்டுமென்ற கட்டாயம் 1946ஆம் ஆண்டு மைய அரசுச் சட்டப்படி 100 பேர் வேலை செய்யும் இடத்துக்கு இருந்தது. புதிய தொகுப்பு அதை 300 என்று உயர்த்திவிட்டது. 299 பேர் உள்ள ஆலையில் எது குற்றம், எது தண்டனை, யாரிடம் முறையீடு என்று எழுதி ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லை! பாதுகாப்புக் குற்றம் என்று சொல்லித் துரத்துவது இங்கேதான் மிக எளிது. அரவை எந்திரத்தின் காப்பு வேலியைக் கழற்றி வைத்தது முதலாளியின் உத்தரவு, கை போனதும் "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்பதும் அவரேதான். எந்திரத்துக்கு வேலியிடும் கடமையை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவே ஆலை நடத்துகிறவர்மீது சுமத்தியிருந்தது என்பதை நினைவூட்டுகிறோம்.

அத்தகைய தோழர்களுக்கு வாசல் அறவே அடைபட்டுவிடவில்லை. வேலையிழந்தவர் சமரச அலுவலரிடம் போகலாம். அங்கே தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். ஆனால், காலக்கெடு குறுகியிருக்கிறது. நீக்கப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டு வரை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் விட்டிருந்தது. புதிய தொகுப்பிலோ, தகராறு எழுந்து இரண்டாண்டு கடந்தால் சமரசமே நடத்த முடியாது. "முதலாளி மனமிரங்குவார், பார்ப்போம்" என்று மலையடிவாரத்தில் கூலி வேலை செய்துகொண்டே நாளை ஓட்டுகிறவர் உரிமையை இழந்துவிடுவார்.

எனவே, நாம் கேட்பவை இவை. அப்பீலைக் கேட்பவர், தண்டித்தவராகவோ அவருக்குக் கீழ்ப்பட்டவராகவோ இருக்கக் கூடாது. தொழிலாளியை, அவர் விரும்பும் சங்கத் தோழரோடு, நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். பழுதுப் பதிவேடும் பணிநேரப் பதிவேடும் அப்பீல் கோப்பிலே இருக்க வேண்டும். நான்கு கேள்விகளுக்கும் விடையெழுதிய உத்தரவு, குறித்த நாளுக்குள் வர வேண்டும். விபத்தில் நிர்வாகத்தின் பங்கு தெரிந்தால், அதையும் அந்த உத்தரவிலேயே எழுத வேண்டும். வேலை நீக்கம் பற்றிய முறையீட்டை நடுநிலையான அமைப்பு ஒன்று கேட்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1982ஆம் ஆண்டின் 158ஆவது உடன்பாட்டிலேயே சொல்லியிருக்கிறது. இந்தியா அதில் இன்னும் கையெழுத்திட்டு உறுதி செய்யவில்லை. கையெழுத்துக்காகக் காத்திராமல், இவற்றை ஒப்பந்தப் பேச்சில் வைத்துக் கேட்டு வாங்குவது சங்கங்களின் வேலை.

நமது தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பழுது கண்டால் அன்றே எழுதுங்கள்; எழுதியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். மெமோ வந்தால் தனியே உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். அக்கடிதமே நாளை உங்களுக்கு எதிரான முதல் சாட்சியாக நிற்கும். சங்கத்துக்கு வாருங்கள். அப்பீலில் "ஐயா, பிள்ளை குட்டிக்காரன், கருணை காட்டுங்கள்" என்று தொடங்காதீர்கள். பிள்ளை குட்டி எல்லோருக்கும் இருக்கிறது. நடந்தது என்ன, நடக்கவிட்டவர் யார், எந்தக் காகிதம் அதைக் காட்டுகிறது என்று தொடங்குங்கள்.

அப்பீல் உரிமை, அதை அருள் யாசகமாக்கி, கை நீட்டி நிற்கப் பழகிவிட்டால் நிர்வாகமும் பிச்சை போடுவது போலத்தான் பதில் சொல்லும். ஒரு வரி எழுதி அனுப்பும் அதிகாரிக்கு நான்கு கேள்விகளை அனுப்புங்கள். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்!